மாவுக்கட்டுத் திறப்பு விழா

நம் நாட்டில் எதையும் சும்மா தொடங்கிவிட முடியாது. ரிப்பன் வெட்டியதெல்லாம் அந்தக் காலம். இப்போது ஜிமிக் வேண்டும். பிரமுகர் மேடையேறி ஒரு கண்ணாடிக் குழாயில் வண்ண மணலைக் கொட்ட வேண்டும், இல்லையென்றால் உருண்டை விளக்கின் மேல் உள்ளங்கையைப் பதிக்க வேண்டும். உடனே புகை வர வேண்டும், காகிதத் துணுக்குகள் வெடித்துச் சிதற வேண்டும், பின்னாலுள்ள திரையில் எழுத்துகள் சுழன்று சுழன்று வந்து நிற்க வேண்டும். பொதுக் கழிப்பறை திறப்பதானாலும் இதே வழக்கம்தான். அங்கே என்ன ஜிமிக் செய்தார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள்.

சிவநேசனுக்கு இந்த விஷயமெல்லாம் தெரியாது. போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற மனிதர். தூக்கு என்றால் தூக்குவார், இறக்கு என்றால் இறக்குவார். யாராவது கொஞ்சம் உரக்கப் பேசினால் "சரிங்க" என்று சொல்லிவிடுவார். எதற்குச் சரி என்றோம் என்பதை வீட்டுக்கு வந்துதான் யோசிப்பார். அதற்குள் அவர் மனைவி மலர் யோசித்து முடித்து, திட்டவும் தொடங்கியிருப்பாள்.

இவர்களுக்கு ஒரே மகள், ஷாமினி. பத்து வயது. தீபாவளிக்கு வந்த படத்தை மூவரும் கிள்ளானில் போய்ப் பார்த்தார்கள். படத்தில் கதாநாயகன் மூன்றாம் மாடியிலிருந்து குதிக்கிறான். குதித்து, பாதி வழியில் சட்டைப் பையிலிருந்து கறுப்புக் கண்ணாடியை எடுத்து, ஒரு சுழற்று சுழற்றி மாட்டிக்கொண்டு, அதற்கப்புறம்தான் தரைக்கு வருகிறான். கொட்டகையே எழுந்து நின்று கைதட்டியது. குறிப்பாகப் பெரியவர்கள்.

அடுத்த வாரம் ஷாமினி அதைச் செய்து பார்த்தாள். மூன்றாம் மாடி அதிகம் என்று அவளாகவே குறைத்துக்கொண்டு, அடுக்குமாடிக்குக் கீழே நின்றிருந்த ஒரு வேனின் கூரையைத் தேர்ந்தெடுத்தாள். கெட்டிக்காரப் பெண். தூசி பறக்க வேண்டும் என்பதற்காக இரண்டு பிள்ளைகள் பவுடர் டப்பாவோடு கீழே நின்றார்கள். இன்னொரு பிள்ளை வாயாலேயே பின்னணி இசை கொடுத்தது. ஷாமினி குதித்தாள். கண்ணாடியையும் மாட்டினாள். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் வேன் கூரைக்கும் தரைக்கும் நடுவில் அதற்கு மேல் வேறு எந்த வேலைக்கும் நேரம் இருக்கவில்லை. கண்ணாடி மாட்டிய வலக்கை மடங்கினபடியே இருந்தது. அந்த முழங்கைதான் முதலில் தரையைத் தொட்டது.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டுப் படுக்க வைத்தார்கள். மறுநாள் காலை, பார்வையாளர் நேரத்துக்கும் முன்பாகவே, ஆறேழு பேர் ஒரு பேனரோடு உள்ளே வந்தார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கு இந்தியச் சிறார் பாதுகாப்பு விழிப்புணர்வுப் பேரவை. இந்தப் பேரவையில் உறுப்பினர் என்று யாரும் கிடையாது. தலைவர் ஒருவர், செயலாளர் ஒருவர், மற்ற எல்லாரும் துணைத்தலைவர்கள். பேனர் கட்டிலை விட நீளமாக இருந்ததால் பக்கத்துக் கட்டில்காரரின் காலும் பேரவைக்குள் அடங்கிவிட்டது.

தலைவர் தம்புசாமி, 'டத்தோ' பட்டம் வாங்கியவர், ஸ்ரீ கெம்பாங்கானில் போல்ட் நட்டுத் தொழிற்சாலை வைத்திருப்பவர். சிவநேசனின் தோளில் கை போட்டார்.

"கவலைப்படாதீங்க தம்பி. உங்க மக கை உடைஞ்சது வீண் போகாது. அதுக்கு நான் பொறுப்பு."

"சரிங்க டத்தோ," என்றார் சிவநேசன்.

இப்படித்தான் 'குதிக்காதே, சிந்தி!' இயக்கம் பிறந்தது. சினிமா சண்டையைப் பார்த்துப் பிள்ளைகள் கை காலை உடைத்துக்கொள்வதைத் தடுக்க, தமிழ்ப்பள்ளி தமிழ்ப்பள்ளியாகப் போய் விழிப்புணர்வு ஊட்டுவது. கட்டுப் போட்ட ஷாமினி ஒவ்வொரு மேடையிலும் நிற்க வேண்டும். அவள் பள்ளித் தலைமையாசிரியையே "நம்ம பள்ளிக்குப் பெருமை" என்று சொல்லிவிட்ட பிறகு சிவநேசன் என்ன செய்வார்? வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டுப் பின்னாலேயே போனார்.

நிகழ்ச்சி இப்படி நடக்கும். முதலில் செயலாளர் உஷாராணி, எதைச் செய்யக்கூடாது என்று பிள்ளைகளுக்குத் தெளிவாகப் புரிய வேண்டும் என்பதற்காக அந்தக் குதிக்கும் காட்சியைப் பெரிய திரையில் போடுவார். ஒரு தடவை சாதாரணமாக. இன்னொரு தடவை மெதுவாக. கண்ணாடி மாட்டும் இடத்தில் நிறுத்தி, "இந்த இடத்த நல்லா கவனிங்க பிள்ளைங்களா, இத மட்டும் செய்யவே கூடாது," என்பார். பிள்ளைகள் மிக நன்றாகக் கவனிப்பார்கள். பிறகு ஷாமினி மேடைக்கு வருவாள். கரகோஷம் கூரையைப் பிய்க்கும். இறங்கி வரும்போது மாவுக்கட்டின் மேல் கையெழுத்துப் போட வரிசை நிற்கும்.

ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு பள்ளிக்குப் போய் வந்த மறு வாரம் அங்கே மூன்று பிள்ளைகளுக்கு எலும்பு முறிந்தது. செய்தியைக் கேட்டு, அந்தப் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று சிவநேசன் விசாரித்தார். டத்தோவுக்கு முகம் மலர்ந்தது. டெங்கிலில் நடந்த அடுத்த கூட்டத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"பெற்றோர்களே, நல்லா யோசிச்சுப் பாருங்க. நாங்க அந்தப் பள்ளிக்குப் போறதுக்கு முன்னால அங்க ஒரு கேஸ் கூட கிடையாது. நாங்க போயிட்டு வந்தோம், இப்ப மூணு கேஸ். இதுல இருந்து என்ன தெரியுது? பிரச்சனை எவ்வளவு பெரிசுன்னு தெரியுது! அதனாலதான் சொல்றேன், விழிப்புணர்வு இன்னும் பத்தல!"

பெற்றோர்கள் கைதட்டினார்கள். முன்வரிசையில் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம், "அவர் சொல்றதும் சரிதான் லா," என்றார். சொன்னவர் ஒரு துணைத்தலைவர்.

ஒருவழியாகக் கட்டு எடுக்கிற நாள் வந்தது. ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டர் ஒரு இளம்பெண். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எலும்பு அழகா சேர்ந்திருக்கு," என்றார். சிவநேசனும் மலரும் எழுந்துவிட்டார்கள். "உட்காருங்க. இனிமேதான் வேலையே இருக்கு. முழங்கை மூட்டு இது. தினமும் மடக்கி நீட்டணும். வலிக்குதுன்னு அழுதாலும் விடக்கூடாது. பேசாம விட்டுட்டீங்கன்னா மூட்டு இறுகிடும். அப்புறம் கை நேரா நீளாது. புரியுதா அங்கிள்?"

புரிந்தது. இந்தக் கதையில் சிவநேசனுக்கு முழுதாகப் புரிந்த விஷயம் அது ஒன்றுதான். அன்று மாலையே மகளை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு, "நீட்டும்மா, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்," என்று தொடங்கினார். ஷாமினி பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் முட்ட நீட்டினாள். முதல் நாள் பாதிதான் வந்தது. அடுத்தடுத்த நாள் இன்னும் வந்தது. ஒரு காலையில் தன் தட்டிலிருந்து இட்லியைப் பிய்த்துக் கையை நேராக நீட்டி அப்பா வாயில் ஊட்டிவிட்டாள். சிவநேசன் இட்லியை மெல்லாமல் அப்படியே அழுதார்.

அந்த இட்லி தொண்டையில் இறங்குவதற்குள் டத்தோ வந்துவிட்டார்.

"யாரக் கேட்டுக் கழட்டுனீங்க?"

"ஆஸ்பத்திரியில டத்தோ..."

"ஆஸ்பத்திரிக்கு நம்ம புரோகிராம் தெரியுமா? பிரிக்பீல்ட்ஸ்ல நிறைவு விழா இருக்கு. மாண்புமிகு அமைச்சர் வராரு. தங்கக் கத்தரிக்கோல்ல அவரு கட்ட வெட்டுறாரு, புகை வருது, பேப்பர் வெடிக்குது. அதான் லா ஜிமிக்! இப்ப கட்டு இல்லன்னா அவரு எதை வெட்டுவாரு? என் டையையா?"

டத்தோவின் டை உண்மையிலேயே வெட்டப்பட வேண்டியதுதான். ஆனால் அதைச் சொல்ல அங்கே யாரும் இல்லை. மலர் வேலைக்குப் போயிருந்தாள்.

"டாக்டரம்மா தினமும் கைய நீட்டச் சொல்லியிருக்காங்க டத்தோ. விட்டா இறுகிடுமாம்."

"தம்பி, டாக்டர் பாக்குறது ஒரு எலும்பு. நான் பாக்குறது சமுதாயத்தோட முதுகெலும்பு." டத்தோ ஒரு நிமிடம் கண்ணை மூடினார். "ரெண்டே நாளு. சும்மா ஒரு பொம்மைக் கட்டு. விழாவுலயே கழட்டிடலாம்."

முதுகெலும்புக்கு எதிராக என்ன பேசுவதென்று சிவநேசனுக்குத் தெரியவில்லை. "சரிங்க," என்றார்.

பொம்மைக் கட்டுப் போட வந்தவர் ஜபருல்லா, கல்யாண மேடை அலங்காரம் செய்பவர். வாளியும் தூரிகையும் கம்பி வலைச் சுருளுமாக வந்து இறங்கினார். நல்ல மனுஷர், எதையும் ஒளிக்கத் தெரியாதவர்.

"அண்ணே, நான் மண்டபத்துக்குத் தூண் செஞ்சிருக்கேன், யானை செஞ்சிருக்கேன், மயில் செஞ்சிருக்கேன். புள்ள கை இதான் முதல் தடவ. ஆனா ஒண்ணு சொல்றேன், என் தூண் ஒண்ணு கூட இதுவரைக்கும் சாஞ்சது கிடையாது."

கைக்குத் துணி சுற்றினார். அதன் மேல் கம்பி வலை, அதன் மேல் தூணுக்குப் பூசுகிற பசை, அதன் மேல் மேடை வெளிச்சத்தில் மின்ன வேண்டும் என்பதற்காக முத்து வெள்ளைச் சாயம். கையைச் சற்று உயர்த்தி நெஞ்சோடு வைத்தால் கேமராவில் நன்றாக விழும் என்று டத்தோ சொன்னதால், முழங்கையை மடக்கி நெஞ்சோடு வைத்தபடியே கட்டைக் காயவிட்டார். காய்ந்ததும் விரலால் தட்டிப் பார்த்தார். டங் டங் என்றது. "அல்ஹம்துலில்லாஹ், கல்லு மாதிரி இருக்கு," என்று திருப்தியோடு போனார்.

மலர் வந்து பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க? அந்தப் புள்ள அழுது அழுது கைய நீட்டிக்கிட்டு இருந்துச்சே!"

"ரெண்டு நாளுதான் மலர்."

மாண்புமிகு முதலில் வெளிநாடு போய்விட்டார். வந்த பிறகு ஓர் இடைத்தேர்தல் வந்தது. அது முடிந்ததும் அவரே தேதி கொடுத்தார், அன்று வேறோர் இடத்தில் அவருக்கு மணல் கொட்டுகிற ஜிமிக் வந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் உஷாராணி வாட்ஸ்அப்பில் இனிமையான குரலில் சொல்வார்: "வணக்கம் அண்ணே. விழா தள்ளிப் போயிருக்கு. மாண்புமிகு எப்ப ஃப்ரீ ஆவாருன்னு யாருக்கும் தெரியாது, அதனால கட்டு எப்பவும் ரெடியா இருக்கணும். பாப்பாவ மழையில விடாதீங்க, சாயம் போயிடும்."

ஷாமினிக்கு உள்ளே அரித்தது. சாத்தே இறைச்சி கோக்கிற குச்சியை உள்ளே விட்டுச் சொறிந்துகொள்வாள். முதலில் "எப்பப்பா கழட்டுவாங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். இதுதான் சிவநேசனைக் கொன்றது. பிள்ளை கேட்டால் ஏதாவது பொய்யாவது சொல்லலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மலர் கொதித்தெழுந்தாள். "நீங்க இருங்க. நான் போய்க் கேக்குறேன். நாக்கப் பிடுங்கிக்கிற மாதிரி கேக்குறேன்," என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பேரவை அலுவலகத்துக்குப் போனாள். மாலை திரும்பி வந்தபோது அவள் மார்பில் ஒரு பேட்ஜ் இருந்தது. மகளிர் பிரிவுத் துணைத்தலைவி.

"என்ன மலர் இது?"

"தெரியலைங்க. கேக்கத்தான் போனேன். நான் வாயத் தொறந்தேன், 'பாருங்க, எவ்வளவு துணிச்சல்'ன்னு டத்தோ சொன்னாரு, எல்லாரும் கைதட்டுனாங்க. பேசி முடிக்கிறதுக்குள்ள குத்திட்டாங்க." அவள் பேட்ஜைக் கழற்றி மேசை மேல் வைத்தாள். பிறகு அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

வேறு வழியில்லாமல் சிவநேசனே களத்தில் இறங்கினார். வீட்டில் இருந்த கத்தி முதலில் வளைந்தது. கோழி வெட்டுகிற கத்தரிக்கோல் பல்லை இழந்தது. கிடங்கில் கம்பி வெட்டுகிற கருவி இருந்தது, ஆனால் அதை மகள் கைக்குப் பக்கத்தில் கொண்டுபோனவர் அப்படியே கீழே வைத்துவிட்டார். மகளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். அந்த இளம் டாக்டர் மாற்றலாகிப் போயிருந்தார். கட்டுப் பிரிக்கிற இடத்தில் இருந்தவர் தட்டிப் பார்த்தார். டங் டங்.

"இது எந்த ஆஸ்பத்திரியில போட்டது?"

"கல்யாண மண்டபம் அலங்காரம் பண்றவருங்க."

அவர் சிவநேசனை மேலும் கீழும் பார்த்தார். "உள்ள கம்பி வலை இருக்கு அண்ணே. எங்க மெஷின் மாவுக்கட்டுக்குத்தான். இத வெட்டுனா கைய கிழிச்சிடும். இதுக்கெல்லாம் போம்பாவத்தான் கூப்பிடணும். விரல்ல மோதிரம் மாட்டிக்கிட்டா அவங்கதானே வெட்டுறாங்க."

தீயணைப்பு நிலையத்துக்குப் போனார். போம்பாக்காரர்கள் அன்பாகத்தான் இருந்தார்கள். கட்டை ஆராய்ந்து, "முடியும், பத்து நிமிஷ வேலை," என்றார்கள். கருவிப் பெட்டியைக் கூடத் திறந்துவிட்டார்கள். சிவநேசனுக்குக் கண் கலங்கியது. அவர் செய்த தவறு, அந்த மகிழ்ச்சியில் மலருக்குப் போன் போட்டதுதான். மலர், துணைத்தலைவிகளின் வாட்ஸ்அப் குழுவில் அதைக் கோபமாகப் பதிவு செய்தாள்: 'எங்க புள்ள கட்ட போம்பா வெட்டப் போறாங்க. உங்க விழாவும் வேணாம் ஒண்ணும் வேணாம்.' இரண்டு நிமிடத்தில் நிலையத்துக்குத் தொலைபேசி வந்தது. அதிகாரி எழுந்து நின்று பேசினார். வைத்துவிட்டுக் கருவிப் பெட்டியை மூடினார்.

"அண்ணே, சந்தோஷமான செய்தி. ஜிமிக்ல எங்களையும் சேர்த்திருக்காங்க. மாண்புமிகு கூட மேடையில."

"அது எப்போங்க?"

"தேதி இன்னும் வரல. ஆனா புரோகிராம்ல பேரு போட்டாச்சு. இப்ப வெட்டிட்டா அன்னைக்கு என்னத்த வெட்டுறது? மேலிடத்துல கேப்பாங்க இல்ல?"

டத்தோவும் அன்று மாலையே போன் செய்து பாராட்டினார். "தம்பி, போம்பா ஐடியா பிரமாதம்! எங்க பதினெட்டுத் துணைத்தலைவர்களுக்கும் தோணல பாருங்க. உங்களையும் ஒரு துணைத்தலைவரா போட்டுடலாமா?" சிவநேசன் வாழ்க்கையில் முதல் தடவையாக "வேணாங்க" என்றார். அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

கடைசியில் விழா நடந்தது. பிரிக்பீல்ட்ஸில் குளிரூட்டிய மண்டபம். மாண்புமிகு வருவதற்குத் தாமதமானதால் கூட்டத்தை உட்கார வைக்க ஒரு சிறப்பு நிகழ்ச்சி: சண்டைப் பயிற்சிக்காரர்கள் நான்கு பேர் கயிற்றில் தொங்கி, கூரையிலிருந்து புகைக்குள் குதித்து, நடுவழியில் கறுப்புக் கண்ணாடி மாட்டிக் காட்டினார்கள். இது எவ்வளவு ஆபத்து என்று விளக்குவதற்காக. முன்வரிசைப் பிள்ளைகள் நாற்காலி மேல் ஏறி நின்று பார்த்தார்கள்.

மேடைக்குப் பின்னால் போம்பாக்காரர்கள் கட்டை முன்கூட்டியே நீளவாக்கில் அறுத்து வைத்தார்கள். மாண்புமிகு சிரமப்படக் கூடாதல்லவா? அறுத்த மறு நொடியே உஷாராணி வெள்ளை நாடாவால் அதைச் சேர்த்து ஒட்டினார்.

"ஒரு நிமிஷம்மா," என்றார் சிவநேசன். "ஒட்டுறதுக்கு முன்னால கைய ஒரு தடவ நீட்டிப் பாத்துக்கட்டுமே. ஒரே ஒரு தடவ."

"மேடையில நீட்டட்டும் அண்ணே. அதானே ஜிமிக்."

மாண்புமிகு வந்தார். டத்தோ பேசினார். இயக்கம் தொடங்கியபோது பள்ளத்தாக்கில் ஒரே ஒரு முறிந்த கைதான் இருந்தது, இன்று அது நாற்பதைத் தாண்டிவிட்டது, இந்த வளர்ச்சிக்குக் காரணம் மாண்புமிகுவின் ஆதரவு என்றார். பட்டு மெத்தை விரித்த தட்டில் தங்கக் கத்தரிக்கோல் வந்தது. ஷாமினியை நடுவில் நிறுத்தினார்கள். கூட்டம் ஐந்திலிருந்து கீழே எண்ணியது. கத்தரிக்கோல் நாடாவைத் தொட்டது. புகை வந்தது, காகிதம் வெடித்தது, திரையில் 'குதிக்காதே, சிந்தி!' சுழன்று வந்து நின்றது. கட்டு இரண்டாகப் பிளந்து ஷாமினியின் காலடியில் விழுந்தது.

சிவநேசன் மேடையோரத்தில் நின்று மூச்சுவிடாமல் பார்த்தார். உள்ளேயிருந்து வெளிறிப்போய், தோல் உரிந்து, குச்சியாக ஒரு கை வந்தது. அது கீழே இறங்கவில்லை. கட்டுக்குள் எப்படி இருந்ததோ அப்படியே, மடங்கி, உள்ளங்கை நெஞ்சில் படிந்தபடி இருந்தது.

மாண்புமிகு சிரித்துக்கொண்டே கைகுலுக்கக் கையை நீட்டினார். ஷாமினி நீட்டப் பார்த்தாள். தோள் உயர்ந்தது, முழங்கை வரவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தாள். வரவில்லை. அழுகையை மறைக்கத் தலையைக் குனிந்துகொண்டாள்.

மாண்புமிகு ஒரு கணம் திகைத்தார். பிறகு நீட்டிய கையை மெல்ல இழுத்துக்கொண்டு, தன் நெஞ்சின் மேல் வைத்து, அவரும் தலை குனிந்தார். மைக்கில் மலாயில் ஏதோ சொன்னார். அவர் குரல் கம்மியிருந்தது.

"கேட்டீங்களா!" என்று டத்தோ கூவினார். "எவ்வளவு மரியாதையான புள்ளன்னு மாண்புமிகு சொல்றாரு! கை குலுக்காம, நெஞ்சில கை வச்சுத் தலை குனிஞ்சு நிக்குது பாருங்க. இத யாரும் சொல்லிக் கொடுக்கல. இதான் நம்ம வளர்ப்பு! இதான் நம்ம பண்பாடு!"

மண்டபம் முழுவதும் எழுந்து நின்றது. ஆசிரியர்கள், பெற்றோர்கள், துணைத்தலைவர்கள், போம்பாக்காரர்கள், எல்லாரும் நெஞ்சில் கை வைத்தார்கள். புகைப்படக்காரர் மேடை முன் மண்டியிட்டு, "அப்படியே இரும்மா, கைய எடுத்துடாத," என்றார்.

ஷாமினி நிமிர்ந்து மேடையோரத்தில் அப்பாவைத் தேடினாள். "அப்பா, நீட்டுறேன்ப்பா. வரல."

"அவளுக்குக் கை வரலைங்க," என்றார் சிவநேசன். அவரால் முடிந்த அளவு உரக்கத்தான் சொன்னார். "டத்தோ, புள்ளைக்குக் கை நீள மாட்டேங்குதுங்க." மண்டபத்தின் ஆரவாரத்தில் அது அவர் காதுக்கே கேட்கவில்லை.

யாரோ அவர் முழங்கையை இடித்தார்கள். உஷாராணி. "அண்ணே, நீங்க மட்டும் சும்மா நிக்கிறீங்களே. வைங்க, வைங்க, கேமரா இந்தப் பக்கம் திரும்புது."

சிவநேசன் நெஞ்சில் கை வைத்தார்.